பேய்க்குப் பெயர் உண்டு

பேய்ப்பட விழாக்களில் புதுப்படங்களுக்கு நள்ளிரவுக் காட்சி ஒதுக்குவார்கள். படம் முடிந்து விளக்கு எரிந்த பத்தாவது நிமிடம் முதல் விமர்சனங்கள் வந்துவிடும். கொரியப் படமோ மெக்சிகோ படமோ, எழுதுகிறவர் லண்டனில் இருக்கிறாரோ வேளச்சேரியில் இருக்கிறாரோ, சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பயமாக இருந்ததா? ஜம்ப் ஸ்கேர் எத்தனை? இருட்டை எப்படிப் படம்பிடித்திருக்கிறார்கள், ஒலி எப்படி? பிறகு "ஸ்பாய்லர் கிடையாது" என்று ஓர் உத்தரவாதம், ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். கடை மூடியாச்சு.

விழாக்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஸ்பெயினின் சிட்ஜெஸ் விழா 1968இலிருந்து நடக்கிறது. மாண்ட்ரியாலின் ஃபேண்டேசியா 1996, கொரியாவின் பூச்சியான் 1997. 'தும்பாட்' மாதிரி ஒரு படம் 2018இல் வெனிஸ் விமர்சகர் வாரத்தைத் தொடங்கிவைத்துவிட்டு இப்படிப்பட்ட விழாக்களைச் சுற்றி வந்ததால்தான், மராத்திப் பாட்டிக் கதையின் வாசனையுள்ள ஒரு படம் உலகத்துக்குத் தெரிந்தது. நல்ல காரியம். நானும் இந்த விழாக்களின் பட்டியல் வந்ததும் எக்ஸெல் ஷீட் போட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தேடிப் பார்க்கிற ஆசாமிதான்.

என் சண்டை நம்மவர்களோடு. அந்த விழாக்களில் புழங்கும் விமர்சன மொழியை அப்படியே இறக்கி, ஒவ்வொரு புதுத் தமிழ்ப் பேய்ப்படத்துக்கும் அளவெடுக்காமல் மாட்டிவிடுகிறார்களே, அவர்களோடு. யூடியூபில் பதினைந்து நிமிடம் பேசுகிறவர்களும் சரி, நம்மைப் போன்ற இணைய இதழ்களில் மூவாயிரம் வார்த்தை எழுதுகிறவர்களும் சரி. அந்த மொழியில் ஒரு கேள்வியைக் கேட்கவே முடியாது. திருநெல்வேலிப் பக்கம் பேய் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு ஆச்சி முதலில் கேட்பது அதைத்தான்: செத்தது யாரு? கொன்னது யாரு?

*

எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு இரண்டு இசக்கிமுத்து இருப்பான். ஒரு சுடலைமுத்து, ஒரு பேச்சியம்மாள், ஒரு மாடசாமி கட்டாயம். வெளியூர் நண்பர்களுக்கு இதில் விசேஷமாக ஒன்றும் தெரியாது. கொஞ்சம் நின்று யோசித்தால்தான் விபரீதம் புரியும். இசக்கி, காசுக்கும் நகைக்கும் ஆசைப்பட்டவனால் கள்ளிச்செடி ஓரத்தில் கல்லால் அடித்துக் கொல்லப்பட்டவள். சுடலை, மயானத்தில் பிணம் தின்றதற்காகக் கைலாயத்தைவிட்டு அனுப்பப்பட்டவன். உலகத்தில் எந்த ஊரில் பேயின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள்? தாமிரபரணிக் கரையில் வைப்பார்கள்.

கொடை பார்த்தவர்களுக்கு இது தெரியும். பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சுடலைக்கோ இசக்கிக்கோ கொடை என்றால் முதல்நாள் ராத்திரி குடியழைப்பு, மறுநாள் மதியக் கொடை, நள்ளிரவில் சாமக்கொடை. சாமிக்கு எதிரே பந்தல் போட்டு வில்லுப்பாட்டு நடக்கும். நீள வில், அதில் கட்டிய மணிகள், உடுக்கை, குடம், தாளம். சில கோயில்களில் வில்லுக்குப் பதிலாகவோ வில்லோடு சேர்த்தோ கணியான் கூத்து. மகுடத்தின் ஒலிக்கு, பெண்வேடமிட்ட ஆண்கள் ஆடுவார்கள். கதை நடக்க நடக்க மேளம் ஏறும். ஒரு கட்டத்தில் கோமரத்தாடிக்கு அருள் வரும். சாமத்தில் தீப்பந்தத்தோடு அவர் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். யாரும் குறுக்கே வரக்கூடாது, பின்னால் பார்க்கக்கூடாது. சின்ன வயதில் அந்தச் சலங்கைச் சத்தம் தெருமுனை தாண்டிப் போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தவனுக்கு, எந்த டால்பி அட்மாஸும் பெரிய விஷயமாகத் தெரியாது.

வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியான தன் நூலில் இந்தக் கதைகளை இரண்டாகப் பிரிக்கிறார். மேலுலகத்தில் பிறந்து பூமிக்கு வந்த தெய்வங்களின் கதைகள் ஒரு வகை. பூமியில் மனிதராகப் பிறந்து, அநியாயமாகச் செத்து, தெய்வமானவர்களின் கதைகள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகைக் கதையைப் பாடும்போது அருள் எப்போது வரும் தெரியுமா? கதையில் அந்தச் சாவு வரும் இடத்தில். வெட்டு விழும் இடத்தில்தான் மேளம் உச்சத்துக்குப் போகிறது, அங்கேதான் செத்தவர் எழுந்து வந்து ஆடுகிறார்.

இப்போது அந்த விமர்சன மொழியைக் கொண்டுபோய் இங்கே வையுங்கள். ஸ்பாய்லர்? பந்தலில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் கதை தெரியும். யார் கொல்லப்படுவார், எந்த மரத்தடியில், யார் கையால், எல்லாம் தெரியும். கோயில் கொடை ஒன்றில் வில்லடிக்கும் அண்ணாச்சியிடம் ஒருமுறை கேட்டேன், "கதை முடிவு எல்லாருக்கும் தெரியுமே, கூட்டம் எந்திச்சுப் போயிராதா?" அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "எங்க போவான்? அவன் வீட்டுச் சாவுல்லா இது."

ஜம்ப் ஸ்கேர் என்பது விஷயம் தெரியாதவனுக்கு வரும் பயம். கொடையில் வருவது தெரிந்தவனுக்கு வரும் பயம். வெட்டரிவாள் ஓங்கப்படும் அந்த வரி இன்னும் கால்மணி நேரத்தில் வரப்போகிறது என்று தெரிந்து, தடுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது. இரண்டும் ஒரே உணர்ச்சி என்று நினைத்து ஒரே அளவுகோலால் அளப்பவர், சர்க்கரையையும் உப்பையும் வெள்ளையாக இருக்கிறது என்று ஒரே டப்பாவில் போட்டு வைப்பவர்.

(அந்த அண்ணாச்சியின் கவலை வேறு. "பத்து மணிக்கு மேல மைக்கு போடக்கூடாதுங்காவ. சாமக்கொடையை எட்டு மணிக்கா நடத்த?" என்றார். 2000ஆம் வருட ஒலி மாசு விதிகள் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. நள்ளிரவுக் காட்சிக்கு விழாக்களில் கிடைக்கும் மரியாதை நள்ளிரவுச் சாமிக்குக் கிடைக்கவில்லை.)

*

சமீப வருடங்களில் நம் விமர்சகர்கள் கண்டுபிடித்திருக்கும் புதுச் சொல் 'ஃபோக் ஹாரர்'. 'காந்தாரா' வந்தாலும் அதுதான், 'பிரமயுகம்' வந்தாலும் அதுதான், தமிழில் ஒரு குறும்படத்தில் வேப்பமரத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தாலும் அதுதான்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். 2010இல் மார்க் கேட்டிஸ் பிபிசி ஆவணத் தொடரில் மூன்று பிரிட்டிஷ் படங்களை ஒரே சரட்டில் கோர்த்து இந்தப் பெயரைப் பிரபலமாக்கினார். அதில் கடைசிப் படம் 1973இல் வந்த 'தி விக்கர் மேன்'. ஒரு போலீஸ் சார்ஜண்ட், காணாமல் போன சிறுமியைத் தேடி ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றுக்குப் போகிறார். அங்கே ஜனங்கள் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறார்கள், ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், கடைசியில் அவரையே பலிகொடுத்துவிடுகிறார்கள். அற்புதமான படம். அந்தப் படத்தில் பயம் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது? சார்ஜண்டின் நாற்காலியில். வெளியிலிருந்து வந்தவனுக்கு ஊர் ஜனங்களின் சாமி பயங்கரம். அதுதான் அந்த வகையின் அஸ்திவாரம். 2019இல் 'மிட்சொம்மர்' வரை அஸ்திவாரம் மாறவில்லை.

சுடலைமாடனையோ முனியசாமியையோ பார்த்து 'ஃபோக் ஹாரர்' என்று எழுதும் தமிழ் விமர்சகர், தனக்குத் தெரியாமலே சார்ஜண்டின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறார். அவருடைய தாத்தா அந்தத் தீவில் ஆடிக்கொண்டிருந்தவர். பேரன் போலீஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு "ஐயோ என்ன ஒரு அட்மாஸ்ஃபியர்" என்கிறார்.

இது வெறும் சொல் தகராறு கிடையாது. 2003இல் தமிழக அரசு, 1950ஆம் வருடச் சட்டம் ஒன்றைத் தூசிதட்டி எடுத்து, கோயில்களில் ஆடு கோழி பலியிடக் கூடாது என்று உத்தரவு போட்டது. சார்ஜண்டின் பார்வைக்கு அரசாங்க முத்திரை குத்தினால் அப்படித்தான் இருக்கும். ஊர்ஊராக எதிர்ப்பு வந்து, 2004இல் அந்தச் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. பார்க்கிறவன் எங்கே நின்று பார்க்கிறான் என்பதற்கு இப்படி விளைவுகள் உண்டு.

கொடையில் பேயோடு ஜனங்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பேரம் பேசுவார்கள். சாமி கோபமாகக் கேட்கும், "எனக்கு என்னல செஞ்ச?" ஊர்ப் பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு, "இந்த வருசம் மழையில்லப்பா, அடுத்த கொடைக்குச் சேத்துச் செஞ்சிருதோம், பொறுத்துக்கிடணும்" என்பார். சாமி முறைக்கும். கொஞ்சம் இழுபறி. கடைசியில் திருநீறு பூசும். கடன் கொடுத்தவரிடம் தவணை கேட்பதுபோல்தான் இருக்கும். ஏனென்றால் அது கடன்தான். ஒரு காலத்தில் இந்த ஊர் ஒருத்திக்கோ ஒருத்தனுக்கோ செய்த அநியாயத்துக்கு வருடாவருடம் கட்டும் வட்டி.

*

தமிழ்ப் பேய்ப்படங்களைப் பற்றி எல்லா விமர்சகர்களும் ஒத்துப்போகும் ஒரு குறை உண்டு: இடைவேளைக்குப் பிறகு வரும் ஃபிளாஷ்பேக். "முதல் பாதி பயமுறுத்துகிறது, இரண்டாம் பாதியில் பேயின் சோகக்கதை வந்து படத்தைக் கெடுத்துவிடுகிறது." இந்த வாக்கியத்தை எத்தனை விமர்சனங்களில் படித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஹாலிவுட்காரன் பேயை விளக்கமாட்டான், நாம் விளக்கித் தொலைக்கிறோம் என்று அலுத்துக்கொள்வார்கள்.

அந்த ஃபிளாஷ்பேக்தான் தமிழ்ப் பேய்ப்படத்திடம் மிச்சமிருக்கும் ஒரே சொத்து என்பது என் கட்சி. பேய் தன் சாவைச் சொல்லும் இடம் அது. வில்லுப்பாட்டில் வெட்டு விழும் இடம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கதவு கிறீச்சிடும் சத்தம்தான். நம் படங்களின் கோளாறு ஃபிளாஷ்பேக் இருப்பதில் இல்லை, அது பொய்யாக இருப்பதில் இருக்கிறது. அந்தப் பொய்யை ஆராய்வதுதான் விமர்சகர் வேலை. அவரோ அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என்ன பொய்? 2014இல் தொடங்கி 2024 வரை நான்கு பாகம் வந்துவிட்ட 'அரண்மனை' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வீடு, வீட்டை விற்கவோ வாழவோ வரும் குடும்பம், அங்கே செத்துப்போன ஒருத்தி. நம் படங்களில் பேய்கள் பெரும்பாலும் பங்களாவில்தான் குடியிருக்கும். ஆழ்வார்பேட்டைப் பழைய மாளிகையை வைத்து 'டிமான்ட்டி காலனி' 2015இல் வந்தது. எங்கள் பக்கத்துப் பேய்கள் வீட்டுக்குள் இருப்பதே அபூர்வம். குளத்தங்கரை, ஓடை, ஊர் எல்லை, சுடுகாடு, ஒற்றைப் புளியமரம். எங்கே வெட்டுப்பட்டார்களோ அங்கே. பங்களாவுக்குள் பேயைக் கொண்டுபோனதும் கதையே ரியல் எஸ்டேட் தகராறு ஆகிவிடுகிறது: வீட்டைக் காலி செய்யவேண்டியது நாமா, பேயா? ஊர் என்பது கதையிலிருந்து காணாமல் போகிறது. ஊர் போனதும் ஊர் செய்த கொலையும் போய்விடுகிறது. கொலைக்கு ஒரு தனி வில்லன், உருட்டிய கண், பேராசை. அவன் எந்தத் தெருக்காரன், அவள் எந்தத் தெருக்காரி, பஞ்சாயத்து என்ன சொன்னது, ஸ்டேஷனில் யார் வழக்கை மூடினார்கள், ஒன்றும் கிடையாது.

இசக்கி கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொல்லப்பட்டவள் நீலியாக மறுபிறவி எடுத்து, மறுபிறவியில் செட்டியாக வந்திருக்கும் கொலைகாரனைப் பின்தொடர்கிறாள். கள்ளிக்கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருசன், என்னை விட்டுட்டு ஓடுதாரு" என்று ஊர்ச் சபையில் முறையிடுகிறாள். அவன் கதறுகிறான், இவள் பேய் என்று. சபை கேட்கவில்லை. பிள்ளை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. சபை தீர்ப்புச் சொல்லி, உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிர் பிணை என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே வீட்டில் வைத்துக் கதவைச் சாத்துகிறது. விடிந்தால் அவன் பிணம். வாக்குக் கொடுத்த 70 வேளாளர்களும் தீயில் இறங்குகிறார்கள். இந்தக் கதையில் ரத்தம் உறையும் இடம் கொலை கிடையாது. கதவைச் சாத்தும் அந்தத் தீர்ப்பு. ஒரு பெண்ணுக்கு நியாயம் செய்வதாக நினைத்துக்கொண்டே ஊர்ச்சபை ஒருவனைச் சாவுக்கு அனுப்புகிறது, அந்தச் சாவு நியாயமானதாகவும் இருக்கிறது! இதில் எத்தனை அடுக்கு இருக்கிறது. ஒரு திரைக்கதைக்காரர் இதைத் தொடவில்லை.

மறுபக்கம், விமர்சகர்கள் கொண்டாடிய படங்கள். 2012இல் 'பிட்சா' வந்தபோது தமிழ்ப் பேய்ப்படம் வயதுக்கு வந்துவிட்டது என்று எழுதினார்கள். கெட்டிக்காரத்தனமான படம், சந்தேகமே இல்லை. அதில் பேய்க்கதை என்பது ஒரு திருட்டை மறைக்கச் சொன்ன பொய். (ஆமாம், ஸ்பாய்லர். அண்ணாச்சி மன்னிப்பார்.) செத்தவர்களின் கதை என்பதே ஏமாற்று வேலை என்று சொன்ன படத்தைத்தான் நாம் முதிர்ச்சி என்று கொண்டாடினோம். 2017இல் 'அவள்' வந்தது. தமிழில் தொழில்நுட்ப நேர்த்தியோடு பயமுறுத்திய படம் என்று இன்றும் சொல்வார்கள், சரிதான். ஆண்பிள்ளை வேண்டி மகளைப் பலிகொடுக்கத் துணியும் அப்பனின் கதை அதன் அடியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தக் கதைக்கு இடமா இல்லை? அதற்கு இமயமலை அடிவாரமும் ஒரு சீனக் குடும்பமும் தேவைப்பட்டன. ஒளிப்பதிவைப் பற்றிப் பத்திபத்தியாக எழுதிய விமர்சனங்களில் இதைக் கேட்ட ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை.

இப்போது நான் சொல்லப்போவதற்கு என்னைத் திட்டுவீர்கள். கொடையின் உருவத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவந்த படம் 2011இல் வந்த 'காஞ்சனா'. லாரன்ஸ் படம்தான், ஆமாம். அந்த அறைகளும் கூச்சலும் கோவை சரளாவின் இடுப்பில் ஏறிக்கொள்ளும் கதாநாயகனும் எனக்கும் அலுப்புதான். திருநங்கையாக ஆடிக் காட்டும் சில இடங்களில் படம் சிரிப்புக்காகக் குனிந்துவிடுகிறது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் கதையைப் பாருங்கள். ஆஸ்பத்திரி கட்ட இடம் வாங்கிய ஒரு திருநங்கை, அவளுக்கு அடைக்கலம் கொடுத்த ஒரு முஸ்லிம் பெரியவர், மனவளர்ச்சி குன்றிய அவர் மகன். மூவரையும் நிலத்துக்காக ஒரு எம்எல்ஏ கொல்கிறான். மூவரும் கதாநாயகன் உடம்பில் வந்து இறங்குகிறார்கள். பேயை விரட்டியாகிவிட்டது, படம் முடிந்திருக்கலாம். அந்த இடத்தில் கதாநாயகன் அவள் கதையைக் கேட்டுவிட்டு, என் உடம்புக்குள் வா என்று தானே கூப்பிடுகிறான். பேய்க்கு நடுங்கி அம்மா மடியில் ஒளிந்தவன் கோமரத்தாடி ஆகிறான்! எங்கள் ஊர்த் தியேட்டரில் அந்த இடத்தில் எழுந்த குலவைச் சத்தத்துக்கு அர்த்தம் தெரியாதவர்கள் 'பி சென்டர் ரசனை' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

பெயர்ப் பொருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழின் மகத்தான பேய்க்கதையின் பெயர் 'காஞ்சனை'. எழுதிய புதுமைப்பித்தன் நம்ம திருநெல்வேலிக்காரர். 1940களில், பிச்சைக்கு வந்து வீட்டில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் யார் என்பதைக் கடைசிவரை தீர்த்துச் சொல்லாமல் அவரால் ஒரு கதையை நிறுத்த முடிந்தது. வீட்டுக்குள் வேலைக்காரியாக வருகிறவளைப் பார்த்து ஒரு படித்த நடுத்தர வர்க்கத்து எழுத்தாளனுக்கு ஏற்படும் கிலி. அந்தக் கிலிக்குள் எத்தனை சமூக உண்மை இருக்கிறது என்று தனியாகவே எழுதவேண்டும்.

*

"அப்போ எல்லாப் பேய்ப்படமும் சாதிப்படமாத்தான் இருக்கணுமா?" என்று கேட்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. இருக்கவேண்டியதில்லை. மிஷ்கினின் 'பிசாசு' 2014இல் வந்தது. அதில் கொலைக்கும் சாதிக்கும் சம்பந்தமில்லை, கொலையே ஒரு விபத்து. விபத்தில் செத்த பவானி, தன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் வீட்டில் வந்து தங்குகிறாள். அவன் அவளைக் கொன்றவனைத் தேடிப் போகிறான். தேடிப்போய்க் கண்டுபிடிப்பது தன்னையே. அவளுக்கு அது முதலிலேயே தெரியும். செத்தது யார், கொன்றது யார் என்ற இரண்டே கேள்விகளை வைத்துக்கொண்டு ஒரு முழுப்படம் நிற்கிறது. எத்தனை தடவை திடுக்கிட வைக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பயமாக இல்லையாம்!

கொடையை நான் புனிதமாக்குகிறேன் என்பது இன்னொரு எதிர்வாதம். கொஞ்சமும் இல்லை. வில்லுப்பாட்டிலேயே ஒட்டுப்போடும் வேலை நடந்திருக்கிறது. முத்துப்பட்டன் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிராமண இளைஞன், செருப்புத் தைக்கும் பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர்மீதும் ஆசைப்பட்டு, பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு அவர்களைக் கட்டுகிறான். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். இருவரும் அவன் சிதையில் ஏறுகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்று அவன் பட்டவராயன். அவனுக்குக் காணிக்கை செருப்பு. ஆடி அமாவாசைக்குப் போனால் பார்க்கலாம். இந்தக் கதையின் பிற்காலப் பாடங்களில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பிள்ளைகள், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு பகுதி வந்து ஒட்டிக்கொண்டது. நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தபோது இந்த மாற்றத்தைக் கவனித்து எழுதினார். அவர் செய்ததுதான் விமர்சனம். கதை நன்றாக இருக்கிறதா, கேட்க உருக்கமாக இருக்கிறதா என்பதோடு நிற்காமல், இந்த இடத்தில் யார் கைவைத்தார்கள், யாருக்காக என்று கேட்டார். அதே கேள்வியை ஒரு வெள்ளிக்கிழமைப் பேய்ப்படத்திடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

படம் வற்புறுத்தினால் விழா விமர்சகர்களும் கேட்கத்தான் செய்கிறார்கள். கொரியாவில் 'எக்ஸூமா' 2024இல் பெர்லினில் திரையிடப்பட்டு, பிறகு உள்ளூரில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்த படம். சாமியாடி, நிலம் பார்ப்பவர், கல்லறை தோண்டுபவர் என்று நம்மூர்க் கொடையில் நிற்கவேண்டிய ஆட்கள். கல்லறையைத் தோண்டத் தோண்ட, ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலம் அடியிலிருந்து எழுந்து நிற்கிறது. அதைப் பற்றி எழுத வந்தவர்கள் ஜப்பானைப் பற்றி எழுதாமல் தப்பிக்க முடியவில்லை. மலையாளத்தில் 'பிரமயுகம்' அதே வருடம். பாணர் குலத்துப் பாடகன் ஒருவன் ஒரு மனையின் கதவைத் தாண்டி உள்ளே போய் வெளியே வர முடியாமல் போகிறான். அதிகாரம் என்பது ஆட்டத்தின் விதியையே கையில் வைத்திருப்பது என்பதைக் கறுப்பு வெள்ளையில் காட்டிய படம். நம் ஆட்கள் அதற்கு எழுதிய விமர்சனங்களில் பாதி, கறுப்பு வெள்ளையைப் பற்றி.

தமிழில்? என் பட்டியலில் கடந்த பத்து வருடத்தின் ஆகச்சிறந்த பேய்ப்படம் 'கர்ணன்'. 2021இல் வந்தபோது அதைப் பேய்ப்படம் என்று யாரும் சொல்லவில்லை. வலிப்பு வந்து நடுரோட்டில் கிடக்கும் ஒரு சிறுமி, நிற்காமல் இருபுறமும் போகும் வண்டிகள். படத்தின் முதல் காட்சியிலேயே சாவு, கொன்றது யார் என்பதும் அங்கேயே இருக்கிறது. பிறகு அவள் அம்மன் முகமூடியோடு படம் முழுக்க வருகிறாள். காட்டுப்பேச்சி. யாரையும் பயமுறுத்தவில்லை, சும்மா நிற்கிறாள், பார்க்கிறாள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத்தான் கடைசியில் ஊர் எழுகிறது. அதே மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமா'ளில், தண்டவாளத்தில் சாகக் கிடக்கும் பரியனை எழுப்ப வருவது செத்துப்போன கருப்பி. ஒரு நாயின் ஆவி. இவையெல்லாம் உருவகம், குறியீடு, மாய யதார்த்தம் என்று எழுதினார்கள். எங்கள் ஊரில் இதற்கு இவ்வளவு பெரிய பெயர் கிடையாது. கொன்றால் திரும்பி வரும், அவ்வளவுதான்.

*

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்காகத் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தை நோக்கிப் போன ஊர்வலத்தில் கொக்கிரகுளம் அருகே போலீஸ் தடியடி நடத்தியது. உயிருக்குப் பயந்து தாமிரபரணிக்குள் இறங்கியவர்களில் 17 பேர் பிணமானார்கள். அதில் பெண்கள் உண்டு, ஒரு சின்னக் குழந்தை உண்டு. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் கட்சிகளும் இயக்கங்களும் வந்து ஆற்றில் பூப்போடுகிறார்கள். அந்த 17 பேரை வைத்துப் பேய்ப்படம் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது அவர்கள் வீட்டுச் சாவு. முந்நூறு வருடத்துக்கு முன்னால் இது நடந்திருந்தால் அந்தப் படித்துறையில் 17 பீடங்கள் இருந்திருக்கும், அந்த 17 பெயரும் இன்று யாராவது ஒரு பிள்ளைக்கு இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன். செத்தவர்களை நினைவில் வைக்க இந்தப் பள்ளத்தாக்கு கண்டுபிடித்த வழி பேய்க்கதை. அந்த வழியைத்தான் சினிமா குத்தகைக்கு எடுத்திருக்கிறது. குத்தகைக்காரன் நிலத்தில் என்ன பயிர் வைக்கிறான் என்று கேட்க வேண்டியவர்கள் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருந்தால் கோபம் வராதா?

அந்த மாஞ்சோலையில் இப்போது என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்கும். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் பம்பாய் பர்மா கம்பெனிக்குக் கொடுத்த 99 வருடக் குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024இல், தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்தினார்கள். நான்கு தலைமுறையாக மாஞ்சோலையிலும் நாலுமுக்கிலும் ஊத்திலும் குதிரைவெட்டியிலும் கொழுந்து பறித்த குடும்பங்கள் மலையைவிட்டு இறங்கவேண்டிய நிலை.

காலியான லயன் வீடுகள், மூடுபனி, ஆளில்லாத தேயிலைச் சரிவு, பூட்டிய பள்ளிக்கூடம். சீக்கிரமே யாராவது அங்கே ஒரு பேய்ப்படம் எடுக்கப்போகிறார்கள், வனத்துறை அனுமதி கிடைத்தால் போதும். மலையேறும் நான்கு நண்பர்கள், சென்னை அல்லது பெங்களூரு ஐடி கம்பெனி ஆட்கள், என்னைப் போல. ராத்திரி ஒரு லயன் வீட்டில் தங்குவார்கள். ஏதோ ஒரு விழாவில் நள்ளிரவுக் காட்சி கிடைக்கும். "மூடுபனியே ஒரு கதாபாத்திரம்" என்று பத்தாவது நிமிடம் விமர்சனம் வரும். இரண்டாம் பாதி ஃபிளாஷ்பேக் கொஞ்சம் தொய்வு என்றும் சேர்த்து எழுதுவார்கள். அந்தத் தொய்வில் வரும் பேய்க்கு என்ன பெயர் வைக்கப்போகிறார்கள் என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாயாவோ, நித்யாவோ. இசக்கியம்மாள் என்று வைக்கமாட்டார்கள்.